கசடன் ஏன் தோற்றான்

அல்புகர்க்கி, நியூ மெக்சிகோ
9 மார்ச் 1997

வெர்னா,

உறையின் மேல் என் பெயரைப் பார்த்ததுமே குப்பையில் போட்டிருப்பாய். போட்டிருந்தால் இதை நீ படிக்கப்போவதில்லை, அதனால் தைரியமாகவே எழுதுகிறேன். நாம் பேசி பதிமூன்று வருடம் ஆகிறது. நான் இங்கே ஓர் உள்ளூர் தொலைக்காட்சியில் கார் விளம்பரங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். படம் எடுக்கும் ஆசையெல்லாம் 'கசடன்' ஒன்றோடு தீர்ந்துபோயிற்று.

இங்கே கல்லூரிப் பிள்ளைகள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மகா மட்டமான படங்களாகத் தேடிப் பிடித்துச் சனிக்கிழமை மதியம் போட்டு, பாப்கார்னைத் திரையில் எறிந்து சிரிப்பது அவர்கள் வேலை. போன வாரச் சுவரொட்டியில் நம் படம். 'உருக்காலையை மூடிவிட்டார்கள், கசடு மேட்டிலிருந்து பூதம் எழுந்துவிட்டது, வயிறு வலிக்கச் சிரிக்க வாருங்கள்' என்று போட்டிருந்தது. எடுத்தவன் நான்தான் என்று யாரிடமும் மூச்சு விடாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

சிரித்தார்கள். கடையில் வாங்கிய முகமூடியோடு அந்த ஆள் பட்டப்பகலில் உருளைக்கிழங்கு வயலில் ஓடிவருகிற இடத்தில் ஒரு பையன் நாற்காலியிலிருந்து கீழேயே விழுந்துவிட்டான். நான் நடித்த பாதிரியார் வேடத்துக்கும் நல்ல சிரிப்பு.

ஆனால் ஓர் இடத்தில் சிரிப்பு நின்றது. சமையலறைக் காட்சி. ஆலை மேலாளரின் மனைவி மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள். கசடன் கதவருகே வந்து, சுவரை மெல்லத் தடவிக்கொண்டே நகர்கிறான். ஒன்பது விநாடி இருக்கும். பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.

அந்த ஒன்பது விநாடியை அப்படி நடிக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எமில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான்? உடுப்பைத் தைத்தவள் நீ, அதற்குள் நடந்தவன் உன் தம்பி. அவனிடம் கேட்க வழியில்லை, அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

வெண்டல்


யங்ஸ்டவுன், ஒஹையோ
24 மார்ச் 1997

திரு. ப்ராசர் அவர்களுக்கு,

கடிதத்தைக் குப்பையில்தான் போட்டேன். மறுநாள் காப்பித்தூளை உதறிவிட்டு எடுத்துப் படித்தேன். அதற்காக நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம்.

என் தம்பி என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்கிறீர்கள். அவனுக்குக் கண் தெரியவில்லை. முகமூடியின் கண்ணில் வெல்டிங் கண்ணாடி வைத்திருந்தோம், அதில் மூச்சுக்காற்று ஆவியாகப் படிந்து மறைத்துவிட்டது. அவ்வளவுதான். நீங்கள் காமிராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவனை இன்னும் வேகமாக வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தீர்கள்.

படம் ஏன் தோற்றது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பகலெல்லாம் கார் சீட் தைத்துவிட்டு வந்து, ரெக்ஸினும் நுரைப்பஞ்சும் தாரும் ரப்பர் பாலுமாக ஆறு மாதம் நான் அந்த உடுப்பைத் தைத்தேன். நியூயார்க்கிலிருந்து வந்த விநியோகஸ்தர், முதல் ஐந்து நிமிடத்திலேயே பூதத்தைக் காட்டாவிட்டால் படத்தை எடுக்க மாட்டேன் என்றார். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். அவருடைய ஆட்கள் ஒரு கடை முகமூடியை எவனுக்கோ மாட்டி, வெயிலில் ஓடவிட்டுப் படம்பிடித்து முன்னால் ஒட்டினார்கள். 'கசடன் உருவாக்கம்: வெர்னா கோசிக்' என்ற எழுத்து அந்த முகமூடியின் மேலேயே ஓடியது.

திறந்தவெளிக் கொட்டகைக்கு எங்கள் தெருவே கார்களில் வந்திருந்தது. ஹாரன் அடித்து அடித்துச் சிரித்தார்கள். எமிலும் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் அவன் சிரித்தான், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் அவன் நெஞ்சு வலியில் போய்விட்டான்.

இனி எழுத வேண்டாம்.

வெர்னா கோசிக்


அல்புகர்க்கி
5 ஏப்ரல் 1997

வெர்னா,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன், இது ஒன்று மட்டும்.

படத்தை வெட்டும்போது நான் வைத்திருந்த குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். எமில் தடவித் தடவி நடக்கிற டேக்குகள் மொத்தம் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையெழுத்தில் 'வீண்', 'வீண்', 'வீண்'. பதினாறைத் தூக்கி எறிந்திருக்கிறேன். சமையலறை டேக் மட்டும் தப்பியது. அதுவும் மறுபடி எடுக்கப் பிலிம் தீர்ந்துபோனதால்தான். விநியோகஸ்தர் படத்தைப் பார்ப்பதற்கு மூன்று மாதம் முன்பே இதெல்லாம் நடந்துவிட்டது.

பூதம் தடுமாறினால் எவன் பயப்படுவான் என்று நினைத்தேன். அதனால் அது ஓடுகிற, கையை ஓங்குகிற துண்டுகளாகப் பொறுக்கி ஒட்டினேன். அந்தப் பெண் காலைத் தூக்கிக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஓடிவருகிற பூதம் எங்கே வரும் என்று நமக்குத் தெரியும், விலகிக்கொள்ளலாம். தடவிக்கொண்டு வருகிறது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. நாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காசில்லாத படத்தில் நம்மிடம் இருந்த ஒரே சொத்து அது. அதைக் குப்பை என்று எழுதி வைத்தவன் நான். முகமூடிக்காக விநியோகஸ்தரைத் திட்டிக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பதினாறு துண்டுகளும் கிளீவ்லாந்தில் பிலிம் கழுவுகிற லேபில் கிடந்தன. அது எண்பத்தைந்தில் மூடிவிட்டதாம். அங்கே வேலை பார்த்த ஒருவரைப் பிடித்துப் பேசினேன். கடைசி நாளில் யாரோ வந்து டப்பாக்களை வாங்கிப் போனார்கள், யாரென்று நினைவில்லை என்கிறார். போனது போனதுதான்.

உன் தம்பியைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்தவன் நான். முகமூடி இல்லாவிட்டாலும் சிரித்திருப்பார்கள். இதைச் சொல்லத்தான் எழுதினேன்.

வெண்டல்


யங்ஸ்டவுன்
27 ஏப்ரல் 1997

வெண்டல்,

கோபம் வந்தால் எனக்கு 'நீங்கள்' வாயில் நிற்காது. அதனால் பழையபடியே 'நீ'.

எல்லாப் பழியையும் நீயே தூக்கிச் சுமந்து பெரிய மனிதனாகப் பார்க்காதே. கண் துளையைச் சின்னதாக வைத்தது நான். பெரிதாக வைத்தால் உள்ளே மனிதக் கண் தெரிந்துவிடும், என் வேலை கெட்டுவிடும் என்று பிடிவாதம் பிடித்தேன். முதல் நாள் போட்டுப் பார்த்ததுமே எமில் சொன்னான்: "அக்கா, ஒண்ணுமே தெரியல. பரவால்ல விடு, நீராவிக் குழா வெடிச்சா ஆலையில இப்படித்தான் இருக்கும். நான் சமாளிச்சுக்குறேன்."

அவன் சமாளித்ததைத்தான் நீ பார்த்தாய். அந்தத் துண்டை மறுபடி போட்டுக் கையைப் பார். உள்ளங்கையால் தடவ மாட்டான், புறங்கையால்தான். பத்தொன்பது வருடம் ஆலையில் மின்சார வேலை பார்த்தவன். உள்ளங்கை கரண்ட் கம்பியில் பட்டால் விரல் மடங்கிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆள் காலி. புறங்கை பட்டால் கை தானாக உதறிக்கொண்டு வந்துவிடும். அதனால் இருட்டில் எங்கள் ஆட்கள் யாரும் சுவரை உள்ளங்கையால் தொட மாட்டார்கள். நீ பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன், உனக்கு எங்கே தெரியும்.

இப்போது நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன். எமிலின் மகள் டாராவுக்குப் பதினேழு வயது. அவன் போனபோது ஐந்து வயதுகூட நிறையவில்லை. எங்கள் வீட்டில் எவரிடமும் படம்பிடிக்கும் காமிரா இருந்ததில்லை. புகைப்படம் ஏழெட்டு இருக்கிறது, எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்கிறான். அவன் நடந்து, அசைந்து, உயிரோடு இருப்பது உன் படத்தில் மட்டும்தான். ஒரு ரெக்ஸின் தோலுக்குள்.

பிப்ரவரியில் அவள் வகுப்புப் பையன்கள் எங்கேயோ பழைய காசெட் பிடித்து, ஒரு பிறந்தநாள் விருந்தில் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவளும் தெரியாமல் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது அப்பாவின் பெயரைப் பார்த்திருக்கிறாள். நேரே என் கடைக்கு வந்தாள். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொன்னாள். "அத்தை, வயல்ல ஓடுன அந்த லூசு எங்கப்பாவா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நீயாக இருந்தால் நம்புவாயா?

வெர்னா


அல்புகர்க்கி
10 மே 1997

வெர்னா,

புறங்கை விஷயத்தைப் படித்துவிட்டு அரைநாள் வேலை ஓடவில்லை. பதினேழு முறை லென்ஸ் வழியாகப் பார்த்தும் என் கண்ணில் படவில்லையே.

இத்துடன் ஒரு காசெட் இருக்கிறது. அந்த ஒன்பது விநாடி மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. டாராவிடம் கொடு. இதுதான் உன் அப்பா, வயலில் ஓடியவன் யாரோ என்று சொல். நான் கையெழுத்திட்ட கடிதமும் உள்ளே வைத்திருக்கிறேன், சாட்சிக்கு.

படத்தையே மறுபடி வெட்டலாமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முகமூடிக்காரனையும் அசட்டு ஓட்டங்களையும் எடுத்துவிட்டால் ஐம்பத்தொரு நிமிடம்தான் மிஞ்சுகிறது. அதில் அந்த ஒன்பது விநாடியைத் தவிரப் பூதமே இல்லை. பூதமில்லாத பூதப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெண்டல்


யங்ஸ்டவுன்
8 ஜூன் 1997

வெண்டல்,

உட்கார்ந்துகொண்டு படி.

காசெட்டை டாராவிடம் கொடுத்தேன். போட்டாள், திருப்பிப் போட்டாள், மறுபடி போட்டாள். அவள் அம்மா லோயிஸ் வந்து சத்தம் போடுகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, இவ்ளோதான் இருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உனக்குத்தான் சொன்னேன், பன்னிரண்டு வருடமாக, வாயைத் திறக்காமலே.

லேபிலிருந்து டப்பாக்களை வாங்கிப் போனது நான்தான். உன் போன் எண் மாறியிருந்ததாம், ரசீதில் இருந்த என் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். எமில் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. உன் கைக்குப் போகக்கூடாது என்கிற ஒரே எண்ணத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய் அள்ளி வந்தேன். பதினோரு டப்பா. கடையில் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் கிடக்கின்றன. ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. திறந்தால் எமில் இருப்பான், எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று ஒன்றைத் திறந்தேன். குப்பென்று வினிகர் நாற்றம். எதனால் அப்படி? நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா? நாளைக் காலை பஸ் பார்சலில் போடுகிறேன். சீட்டுக்கு வைக்கிற பஞ்சைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், உடையாது.

திட்டுவதாக இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டு. ஆனால் முதலில் வேலையை ஆரம்பி.

வெர்னா


அல்புகர்க்கி
17 ஆகஸ்ட் 1997

வெர்னா,

திட்ட நேரமில்லை. வினிகர் நாற்றம் வந்தால் பிலிம் அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெப்பத்தில் கிடந்ததால் வந்த வினை. இரண்டு டப்பா ஒரேயடியாகப் போய்விட்டது, பாகு மாதிரி ஒட்டிக்கொண்டது. மீதி ஒன்பதும் சுருங்கியிருக்கிறது. மிஷினில் ஓட்டினால் கிழியும் என்பதால் கையால் நகர்த்தி நகர்த்திப் படம் படமாகப் பிரதி எடுக்கிறேன். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் எதுவுமே மிஞ்சியிருக்காது. என்னிடம் இருந்திருந்தால் எண்பத்தாறிலேயே வீடு மாறும்போது தொலைத்திருப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினாறில் பன்னிரண்டு டேக் மீண்டுவிட்டது. படம் எழுபத்திரண்டு நிமிடம் வருகிறது. முதல் இருபது நிமிடம் கசடனையே காட்டவில்லை. திறந்த கதவும் தரையில் தார்க் கறையும்தான். என் பாதிரியார் காட்சியை வெட்டிவிடலாம் என்றிருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை.

ஒரு விஷயம் உன்னைக் கேட்க வேண்டும். டப்பாக்களில் அன்றைய ஒலிநாடாவும் இருந்தது. பழைய படத்தில் கசடன் வரும்போதெல்லாம் கரடி உறுமலைப் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும். அதை எடுத்துவிட்டுக் கேட்டால் அடியில் ஒரு முணுமுணுப்பு. முகமூடிக்குள்ளிருந்து வருகிறது. எமிலின் குரல்தான், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஜெபமா? என்னைத் திட்டுகிறானா? காசெட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன்.

வெண்டல்


யங்ஸ்டவுன்
26 ஆகஸ்ட் 1997

வெண்டல்,

கடையைப் பூட்டிக்கொண்டு கேட்டேன். நன்றாக அழுதேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் உன்னைத் திட்டவில்லை, அதற்குத் தகுதியான ஆள்தான் நீ என்றாலும். அடி எண்ணுகிறான். யெதென், த்வா, த்ரி. எங்கள் அப்பா பேசிய ஸ்லோவாக்கில் ஒன்று, இரண்டு, மூன்று. உடுப்பு மாட்டும் முன்னால் வீட்டைச் சுற்றி நடந்து, கதவிலிருந்து குளிர்பெட்டிக்கு இத்தனை அடி, அங்கிருந்து மேசைக்குப் பதினோரு அடி என்று மனப்பாடம் செய்துகொள்வான். நீ அப்போது சாப்பிடப் போயிருப்பாய்.

உறுமலைத் தூக்கிப் போடு. கரடி உறுமுவதை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இது இருக்கட்டும்.

பாதிரியாரை வெட்டாதே. மோசமாகத்தான் நடித்திருக்கிறாய். அந்த இடத்தில் மக்கள் சிரித்து முடித்தால்தான் சமையலறையில் வாயை மூடுவார்கள். நீ கொஞ்சம் அவமானப்பட்டால் குடி முழுகிவிடாது.

ஸ்லோவாக் சங்கக் கூடத்தைப் பேசி வைத்துவிட்டேன். அக்டோபர் 19, ஞாயிறு, மதியம் இரண்டு மணி, சர்ச் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு. லோயிஸ் வேண்டாம் என்கிறாள். ஊரே மறுபடி சிரித்தால் பெண் தாங்குவாளா என்று கேட்கிறாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. டாரா மட்டும் வந்தே தீருவேன் என்கிறாள். நீயும் வா.

வெர்னா


அல்புகர்க்கி
6 அக்டோபர் 1997

வெர்னா,

படம் பார்சலில் வருகிறது. பாதிரியார் உள்ளே இருக்கிறார். எமிலின் பெயர் முதலில், தனியாக. உன் பெயர் அதற்கு அடுத்தது.

நான் வரவில்லை. வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தேன், கிழித்துவிட்டேன். நிஜம் இதுதான்: எண்பத்து மூன்றில் கொட்டகை வாசலில் நின்று அந்த ஹாரன் சத்தத்தைக் கேட்டவன் நான். இன்னொரு தடவை அந்த ஊரில் நிற்க எனக்குத் துணிவில்லை. டாராவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வெண்டல்


யங்ஸ்டவுன்
21 அக்டோபர் 1997

வெண்டல்,

பயந்தாங்கொள்ளி. வந்திருக்க வேண்டும் நீ.

நூற்று நாற்பது நாற்காலி போட்டோம், போதவில்லை. பாதிப் பேர் ஆலையில் எமிலோடு வேலை பார்த்தவர்கள், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதல் இருபது நிமிடம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பூதம் எங்கே என்று பின்னால் ஒருவன் முனகினான். ஒரு ஆள் எழுந்து பீர் வாங்கப் போனான், ஆனால் வேகமாகத் திரும்பி வந்துவிட்டான். பாதிரியார் வந்ததும் கூடமே இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது. சந்தோஷப்பட்டுக்கொள், உன்னை இன்னும் இந்த ஊர் மறக்கவில்லை.

பிறகு கசடன் வந்தான். கிடங்கில் முதலில், அப்புறம் படிக்கட்டில். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. லோயிஸ் கடைசி நேரத்தில் வந்து வாசல் ஓரமாக நின்றிருந்தாள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சமையலறை வந்தது. அவன் கை சுவரில் பட்டதும், மூன்றாம் வரிசையில் டியூரெக் என்கிற பழைய மின்சாரக்காரர், தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி, "கரண்டு இருக்கான்னு பாக்குறான்யா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் எண்ணிக்கை. ஸ்லோவாக் தெரியாத சின்னஞ்சிறுசுகள் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டன, அவர்களுக்கு அது ஏதோ சாபம் மாதிரிக் கேட்டிருக்கும். தெரிந்தவர்களுக்கோ வேறு மாதிரி. உடன் வேலை பார்த்த ஒருவன் இருட்டுக்குள் வழி தெரியாமல் நிற்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஏழு சொல்லிவிட்டு அவன் நின்றுவிடுகிறான் பார், யாரோ நாற்காலியை நகர்த்திவிட்டிருந்த இடம், அங்கே கூடத்தில் பலர் வாய்க்குள்ளேயே எட்டு என்றார்கள். எனக்குக் கேட்டது. அப்புறம்தான் அவனும் எட்டு என்று தொடங்கிப் பதினொன்று வரைக்கும் எண்ணினான். பயமும் இரக்கமும் ஒரே நேரத்தில் வரும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. அந்தப் பெண் மேசைக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவனும் மேசையில் இடித்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டுக்கும் சேர்த்துப் பதறினேன்.

முடிந்ததும் கைதட்டல் உடனே வரவில்லை. எமிலின் பெயர் திரையில் நின்றபோதுதான் வந்தது. பிட்ஸ்பர்க் தொழிற்சங்கக் கூடத்துக்கு அடுத்த மாதம் கேட்கிறார்கள். போட்டு ஓட்ட எனக்குத் தெரியாது. அதற்காவது நீ வந்தாக வேண்டும், உன் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாரா அழுவாள் என்று நினைத்துக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. "அத்தை, அப்பா குரல் இவ்ளோ மெதுவாவா இருக்கும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கே அது மறந்துபோயிருந்தது. எழுந்து போய்ப் படம் ஓட்டுகிறவரிடம் ஏதோ சொன்னாள். அவர் சமையலறைச் சுருளை மறுபடி மாட்டினார். ஒருவரும் எழுந்து போகவில்லை. லோயிஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்த முறை நான் திரையைப் பார்க்காமல் டாராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எமில் எண்ண எண்ண, அவளும் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஸ்லோவாக் ஒரு வார்த்தை தெரியாது, வெண்டல். இப்போது பதினொன்று வரைக்கும் தெரியும்.

வெர்னா